வளைவில் நின்ற புள்ளி

கவிதா, நேற்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இன்னா நைனா, பெங்களூர்லருந்து போன் வந்ததுலருந்து ஒண்ணுமே பேசமாட்டேங்கிற? நான் போறது உனக்குப் புடிக்கலையா?" என்று கேட்டாய். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல பாப்பா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டேன். உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசில் ஏதாவது உறுத்தினால் எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்தே பாதி ஆயுசைக் கழித்தவனுக்கு எதிரில் உட்கார்ந்து பேச வராது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் பேசத்தான் வரும். அதனால் எழுதுகிறேன். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிழலில் போட்டிருக்கிறேன். கண்டக்டர் சாப்பிடப் போயிருக்கிறார். நம் மலைக்கு மதிய டிரிப்பை எடுக்க நேரம் இருக்கிறது. நீ திங்கட்கிழமை கிளம்புகிறாய். அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். உன்னைப் போல ஆப் செய்து வெளியே விடுகிற பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படித்தாலும் சரிதான். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

நீ பள்ளிக்கூடம் போகிற வயசில் லீவு நாளென்றால் என் வண்டியில் ஏறி இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்வாய். கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் நீ ஸ்டாப் பெயரைக் கத்துவாய். சூடு தாங்காமல் கீழே துண்டை மடித்துப் போட்டுக்கொள்வாயே தவிர இறங்க மாட்டாய். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யார் ஏறுவார்கள், யார் வரவில்லை என்றெல்லாம் உனக்குத் தெரியும். அதே வண்டியில்தான் கல்லூரிக்குப் போய்வந்து கம்ப்யூட்டர் படித்து முடித்தாய். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு நீ வீட்டில் இருந்த காலத்தில்தான் அந்த ஐப்பசி மழை வந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல். அவளைக் கூட்டிக்கொண்டு நீ ஸ்டாப்பில் நின்றாய். மலைக்குக் கீழே டயர் வெடித்து என் வண்டி படுத்துக்கிடந்தது. வருகிறதா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. மதியம்வரை கூரையில்லாத இடத்தில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைத் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். நான் வந்து சேர்ந்தபோது நீ என்னைத் திட்டவில்லை. "வண்டி எங்க கீதுன்னு தெரிஞ்சிருந்தா அம்மாவ வூட்டுலயே படுக்க வெச்சிருப்பேன்" என்று மட்டும் சொன்னாய். உன் ஆப்புக்கு 'வண்டி எங்க' என்று பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

ஒரு ஆப்பை எழுதுவது வேறு, அதை ஊருக்கு விடுவது வேறு என்பதை உன்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உன் பழைய போனை என் வண்டியின் கண்ணாடிக்கு மேலே பெட்டியில் வைத்தாய். அது வண்டி இருக்குமிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், மற்றவர்கள் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். வீட்டுக்குள் எல்லாம் சரியாக ஓடியது. எல்லோரும் ஆப் இறக்கிக்கொள்கிற ஸ்டோரில் சேர்க்கக் கணக்குத் தொடங்க டாலரில் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். நம் கார்டு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் பஸ் முதலாளி அன்வர் பாய்தான் வாணியம்பாடியிலிருந்து தன் கார்டில் கட்டினார். அம்மா புளி விற்ற காசைக் கொடுத்தபோது, "மொத மொத ஒரு பொண்ணு மலையிலருந்து செய்யுது, அதுக்குப் போயி காசு வாங்குவனா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் ஒரு டஜன் ஆட்களாவது ஆப்பைப் போட்டு இரண்டு வாரம் எடுக்காமல் வைத்திருந்தால்தான் எல்லோருக்கும் விடுவோம் என்று ஒரு விதி. அந்த ஆட்களைப் பிடிக்கிற வேலை என்னுடையது. டீக்கடைக்காரர், கூட்டுறவுக் கடை எடைபோடுகிறவர், ஷேர் வேன் ஓட்டுகிற உன் குமரேசன் மாமா என்று ஆள் சேர்த்தேன். ஒரு அம்மா, "இத போட்டா போன்ல இருக்கிற என் பேரன் போட்டோல்லாம் போய்டுமா?" என்று பயந்து மூன்றாம் நாளே அழித்துவிட்டது. நீ அழாத குறை. ஆப் போடுகிறவர்களின் இருப்பிடத்தை ஏன் கேட்கிறாய் என்று விளக்கவில்லை என ஸ்டோர்காரர்கள் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். நீ எழுதி எழுதி அழித்ததைப் பார்க்கும்போது எனக்கு லைசென்ஸ் எடுக்கப் போய் எட்டுப் போட்டுக் காட்டியது ஞாபகம் வந்தது.

ஆப் வெளியே வந்த அன்று குமரேசன் ஒரு பொட்டலம் ஜிலேபியோடு வந்தான். தன் அக்கா மகள் பெயர் போனில் வருகிறது என்று வேனில் ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டினான். நீ ஆப்பின் அடியில் சின்னதாக விளம்பரம் வைத்தாய். மலை ஏறி இறங்குகிற சனம் கொஞ்சம்தானே, இதில் என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் வண்டிக்குக் காத்திருக்கிறவன் சும்மா ஒருமுறை பார்த்துவிட்டு வைப்பதில்லை, நிமிஷத்துக்கு நிமிஷம் திறந்து பார்க்கிறான். திறக்கத் திறக்க விளம்பரப் பணம் சேர்ந்தது. விலாசம் உண்மைதானா என்று பார்க்க விளம்பரம் கொடுக்கிற கம்பெனி ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பியது. அது எங்கெங்கோ சுற்றி நம்மூர் வருவதற்குள் நீ தபால்காரரை வழியில் மறித்து மறித்து, அவர் உன்னைக் கண்டாலே சைக்கிளைத் திருப்பினார். முதல் பணம் வங்கிக்கு வந்ததும் அம்மாவுக்குக் குக்கரும் எனக்கு ஒரு கூலிங் கிளாஸும் வாங்கிவந்தாய். சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கிற இறக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். கண்டக்டர் கேலி செய்தார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை உனக்கு எப்படிச் சொல்வது?

ஆனால் அதே வாரத்தில்தான் எனக்குப் பயம் தொடங்கியது. ஸ்டாப்புகளில் ஆட்கள் குறைந்தார்கள். முதலில் விதைப்புக் காலம், அதனால்தான் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், எனக்கு முன்னால் எப்போதும் ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது. ஷேர் வேன்காரர்கள் முன்பெல்லாம் நிரம்பினால் எடுப்பார்கள். இப்போது டீக்கடையில் போனை வைத்துக்கொண்டு நீலப் புள்ளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். புள்ளி மலையடிவாரத்தைத் தாண்டியதும் வண்டியை எடுத்து எனக்குச் சற்று முன்னால் ஒவ்வொரு ஸ்டாப்பாக அள்ளிக்கொண்டு போவார்கள். அதைக்கூட விடு, அவரவர் பிழைப்பு. நடுவில் சிக்னல் கிடைக்காத வளைவுகள் இருக்கின்றனவே, அங்கேதான் என் பயம். அந்த இடத்தில் புள்ளி அப்படியே நின்றுவிடும். நான் வந்துகொண்டுதான் இருப்பேன், ஆனால் போனில் நிற்பதாகக் காட்டும். சிக்னல் வந்ததும் ஒரே தாவாகத் தாவிப் பக்கத்தில் வந்து நிற்கும். வேன்காரன் பஸ் எங்கோ இருக்கிறது என்று நிதானமாக ஆள் ஏற்றிக்கொண்டிருப்பான். திடீரென்று பஸ் கழுத்துக்கு வந்துவிட்டது என்று பார்த்ததும் பதறிக்கொண்டு எடுப்பான். கொண்டை ஊசி வளைவில் வேன் உள் சக்கரம் தூக்குவதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதில் ஒரு வேன் குமரேசனுடையது.

அவனிடம் பேசினேன். "இன்னாடா, பொம்பளைங்க புள்ளைங்கள ஏத்திக்கினு இப்டி ஓட்டற?" என்றேன். "மாமா, நீ மாச சம்பளக்காரன். காலி வண்டியா மேல போனா எனக்கு இன்னா மிச்சம்? நான் பாத்துதான் ஓட்றேன்" என்று சிரித்தான். உன்னிடமும் புள்ளி நிற்பதைப் பற்றி ஒருமுறை சொன்னேன். "தெரியும் நைனா, அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடறேன்" என்றாய். உனக்கு அது புள்ளியில் ஒரு கோளாறு. எனக்கு அது வளைவில் ஒரு வேன். அந்த வித்தியாசத்தை உட்கார்ந்து விளக்கியிருக்கலாம். அதற்குள் அன்வர் பாய் என்னைக் கூப்பிட்டுவிட்டார். "தம்பி, உம் பொண்ணு நல்லதுதான் செஞ்சிருக்கு, நான் இல்லேங்கல. ஆனா என் பஸ்ஸயே காட்டிக்குடுத்து என் பயணிங்கள வேன்ல ஏத்தி உடுதே, டீசலுக்குப் பத்தலேன்னா நான் எத்தினி நாளு ஓட்டுவேன், சொல்லுங்க" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் வருத்தமாகப் பேசினார். வீட்டுக்கு வந்து உன்னிடம், "ஆப்ப நிறுத்திடு பாப்பா, என் வேலைக்கு வேட்டு வெச்சுடும்" என்றேன். நீ, "மழையில நிக்கிற பொம்பளைங்களுக்கு நீயே பதில் சொல்லு, நிறுத்திடறேன்" என்றாய். அதற்குமேல் வளைவைப் பற்றி நான் என்ன சொன்னாலும் என் வேலைக்காகச் சொல்வதாகத்தான் உன் காதில் விழும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள், மதியத்திலிருந்தே தூறல். மேலே ஏறிக்கொண்டிருந்தேன். சிக்னல் இல்லாத வளைவுகளைத் தாண்டி வெளியே வந்ததும் முன்னால் ஹாரன் சத்தம், அப்புறம் தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பிரேக்கை மிதித்துத் திரும்பினால் குமரேசனின் வேன் பாறை ஓரத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது. பள்ளத்துப் பக்கம் சாயாமல் பாறைப் பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான் நமக்கும் அவர்களுக்கும் கிடைத்த கருணை. கண்டக்டரும் நானும் பயணிகளும் ஓடினோம். கைக்குழந்தை ஒன்றைக் கண்ணாடி வழியாக வெளியே கொடுத்தார்கள். அது வீறிட்டு அழுதது, அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சந்தைக்குப் புளி கொண்டுபோய் விற்றுவிட்டுத் திரும்பிய செல்லம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, ரத்தம் வடியக் கை தொங்கியது. குமரேசனின் கால் அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அவனை இழுக்கக் குனிந்தபோது ஸ்டியரிங் பக்கத்தில் அவன் போன் வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது. அதில் நீலப் புள்ளி அவன் நிற்கிற இடத்தின்மேலேயே வந்து நின்றிருந்தது. அந்தப் புள்ளி நான்தான். எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி, அகலமான இடம் பார்த்துத் திருப்பி, கீழே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழிநெடுக ஸ்டாப்பில் நின்றவர்கள் கை காட்டினார்கள். பஸ் ஏன் எதிர்ப்பக்கம் போகிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

நேற்று இந்த இடத்தில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது, கண்டக்டர் வந்துவிட்டார். இன்று அதே நிழலில் உட்கார்ந்து தொடர்கிறேன். ஆஸ்பத்திரிக்கு நீ வந்தது உனக்கு நினைவிருக்கும், ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று நீ கேட்டதில்லை. உன் அத்தை, குமரேசனின் மனைவி, உன்னைப் பார்த்ததும் எழுந்துவந்து, "போன்ல பஸ்ஸ காட்டி காட்டியே என் வூட்டுக்காரன் கால ஒடச்சிட்டியேடி" என்று கத்தினாள். கட்டிலில் கிடந்தவன், "ஏய் சும்மாயிரு" என்று அவளை அடக்கிவிட்டு, "பாப்பா, உன் மேல தப்பு இல்ல. நாந்தான் போனப் பாத்துக்கினே ஓட்டனேன்" என்றான். அத்தை திட்டியபோது நீ அசையவில்லை. மாமா அப்படிச் சொன்னபோதுதான் உன் முகம் உடைந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தாய். யாரிடமோ பேசப்போகிறாய் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "எடுத்துட்டேன் நைனா. ஸ்டோர்லருந்து எடுத்துட்டேன். இனிமே யாருக்கும் காட்டாது" என்றாய். உன் தோளில் கை வைக்க வேண்டும் என்று இருந்தது. செல்லம்மாவின் ரத்தம் என் சட்டையெல்லாம் இருந்ததால் தள்ளியே நின்றேன்.

மறுநாள் நான் வண்டியை எடுத்தபோது எல்லா ஸ்டாப்பிலும் ஒரே கேள்விதான். "இன்னா டிரைவர், வண்டி எங்கன்னு காட்டவே மாட்டேங்குது?" ஒரு பெண் நிறைமாதக் கர்ப்பிணி. செக்கப்புக்குப் போக விடியற்காலையிலிருந்து நின்றிருக்கிறாள். ஏறி உட்கார்ந்ததும், "உங்க பொண்ண திரும்பப் போடச் சொல்லுங்கண்ணா, முட்டி வலிக்குது" என்றாள். உன்னிடம் வந்து சொன்னேன். நீ வீட்டுக்குள்ளேயே கிடந்தாய், தலைகூட வாரவில்லை. அடுத்த நாள் அம்மா அதட்டி உன்னை என் வண்டியில் ஏற்றிவிட்டாள். ஒவ்வொரு ஸ்டாப்பாக இறங்கி ஆட்களிடம் பேசினாய். வேன்காரர்களிடமும் போனாய். செல்லம்மா வீட்டுக்குப் போய் அவள் கட்டுப்போட்ட கையோடு புளி ஆய முடியாமல் இருப்பதைப் பார்த்து, கூட உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொடுத்துவிட்டு வந்தாய். நான் உனக்குச் சொல்லிக்கொடுக்காத வேலை இதெல்லாம்.

டீக்கடையில் அன்வர் பாயையும் வேன்காரர்களையும் ஒன்றாக உட்கார வைத்தது நீதான். ஊன்றுகோலோடு குமரேசனும் வந்தான். முதலில் சத்தம் அதிகமாக இருந்தது. "பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல நீங்க எடுங்க, என் நேரத்துல கை வெக்காதீங்க. நானும் உங்க நேரத்துல வரமாட்டேன்" என்று பாய் சொன்ன பிறகுதான் பேச்சு அடங்கியது. அந்த நேரத்தைத்தான் நீ திரும்பப் போட்ட ஆப்பில் வைத்தாய். நகர்கிற புள்ளியை எடுத்துவிட்டாய். எந்த ஸ்டாப்பில் ஏறுகிறோம் என்று சொல்லிவைத்தால், வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய நேரத்தில் ஒரு மணி அடிக்கும், வண்டி தாமதமானால் தாமதம் என்று சொல்லும், அவ்வளவுதான். பஸ்ஸும் உண்டு, வேனும் உண்டு. வேன்காரர்கள் முழுக்கத் திருந்திவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் வளைவில் எனக்கு முன்னால் யாரும் பதறி ஓடுவதில்லை. மணி அடிக்கும்வரை யாரும் ஆப்பைத் திறப்பதும் இல்லை. அதனால் விளம்பரப் பணம் போன் ரீசார்ஜுக்குத்தான் காண்கிறது. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

இப்போது இந்த பெங்களூர்க் கம்பெனிக்காரர்கள். அவர்கள் உன்னோடு வீடியோவில் பேசியபோது நான் வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஆப்பைத் திறக்கிறான் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பழையபடி புள்ளியைக் கொண்டுவந்தால் எல்லா மலைப் பாதைக்கும் இதைக் கொண்டுபோகலாம், ஆப்பைக் கொடுத்துவிட்டு நீயும் வேலைக்கு வா என்றார்கள். நீ சந்தோஷமாகத் தலையாட்டினாய். அன்றிலிருந்துதான் எனக்கு வாய் அடைத்துக்கொண்டது. ஏற்காட்டில் ஒரு டிரைவர் இருப்பான், கொல்லிமலையில் ஒருவன் இருப்பான். அவர்கள் முகம் நமக்குத் தெரியாது. அங்கேயும் சிக்னல் கிடைக்காத வளைவு இருக்கும். அங்கே புள்ளி நின்றால் ஓடிப்போய் டீக்கடையில் பேசி முடிக்க நீ இருக்கமாட்டாய். நீ ஏழாவது மாடியில் உட்கார்ந்திருப்பாய். உனக்குச் செய்தியே வராது. எனக்குப் பயம் உன் கெட்டிக்காரத்தனத்தின்மேல் இல்லை. உன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் உன் வேலை என்ன செய்துகொண்டிருக்கும் என்பதுதான்.

போகாதே என்று நான் சொல்லமாட்டேன். படித்த பிள்ளையை இந்த மலையில் கட்டிப்போட எனக்கு உரிமையில்லை. அம்மா உனக்காக வாங்கிவைத்திருக்கும் பெட்டியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடுகிறாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தத் தாளை முழுசாகப் படி. ஆப்பில் எதை மாற்றலாம் என்று சொல்கிற உரிமை அப்புறம் யாருக்கு என்று கேள். கேட்டால் சின்னப் பிள்ளை என்று நினைப்பார்களோ என்று கூச்சப்படாதே. என் வேலைக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பாயோ என்று அதே மாதிரி ஒரு கூச்சத்தால்தான் நான் உன்னிடம் வளைவைப் பற்றி முழுசாகச் சொல்லாமல் விட்டேன். முடிந்தால் அவர்களில் ஒருவரை மழை நாளில் ஒருமுறை என் வண்டியில் கூட்டிக்கொண்டு வா. முன் சீட் கொடுக்கிறேன்.

இந்த வரிவரை எழுதிக்கொண்டிருக்கும்போதே நீ போன் செய்தாய். நான் எழுதிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியாது. "நைனா, அவங்ககிட்ட பேசிட்டேன். வேலைக்கு வர்றேன், ஆப் மட்டும் என்கிட்டயே இருக்கட்டும், புள்ளி திரும்ப வராதுன்னு சொல்லிட்டேன்" என்றாய். "இன்னா சொன்னாங்க?" என்றேன். "யோசிச்சுச் சொல்றோம்னாங்க. குரலே மாறிப் போச்சு. வேலையும் போய்டும்போல." அப்புறம், "நான் தப்பு பண்ணிட்டனா நைனா? பயமா கீது" என்றாய். நான் இத்தனை பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், ஆனாலும் "இல்ல பாப்பா, இல்ல" என்பதற்குமேல் எனக்கு வரவில்லை.

அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்கும் தெரியாது. திங்கட்கிழமை நீ அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாயா, இல்லை இன்னும் நாலு இடத்துக்கு எழுதிப்போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறாயா என்பது நாளைக்குத் தெரியலாம். எது நடந்தாலும் எனக்குப் பயம் இருக்கத்தான் போகிறது. ஊரில் எல்லா அப்பன்மாரும் பிள்ளைகளைப் பயப்படாதே என்று சொல்லி அனுப்புவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். உனக்கு இன்றைக்கு வந்த அந்தப் பயம் எந்த ஊருக்குப் போனாலும் கொஞ்சம் உன்னோடு இருக்கட்டும். இத்தனை வருஷம் என் வண்டியில் ஏறியவர்களை வீடு சேர்த்தது அதுதான்.

கண்டக்டர் விசில் ஊதுகிறார். மேலே நல்ல மழை என்கிறார்கள். அம்மாவிடம் சொல், மெதுவாகத்தான் வருவேன்.

அப்பா